ஏழாவது தந்தியில் ஆதார சுருதி

ஆதார சுருதி என்பது பாட்டு தொடங்கியது முதல் முடிகிறவரை நகராமல் நிற்கும் ஒலி. பாடகருக்குப் பின்னால் தம்புரா, நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து, செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் ஆர்மோனியம் என்று அதைத் தாங்கும் கருவி இடத்துக்கு இடம் மாறும். வேலை ஒன்றுதான். ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விடாமல் ஒலித்து, மற்றச் சுரங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காதுக்கு உணர்த்திக்கொண்டே இருப்பது. கிட்டாரிலும் இதைச் செய்யலாம். தந்திகளை வழக்கமான சுரங்களுக்குக் கட்டாமல் ஷட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி வரும்படி கட்டினால், ஒரு தந்தியில் ராகம் வாசிக்கும்போது மற்றவை சுருதியாக நிற்கும். ஆறு தந்திக் கிட்டாரில் இதற்கு இடம் நெருக்கடி. ஏழு, எட்டுத் தந்தி கொண்ட கிட்டார்களில் இடம் தாராளம்.

இந்தத் தாராளத்தின் பயன் என்ன என்று பார்க்கத் திண்டிவனம் நல்ல இடம். சங்க காலத்தில் இந்தப் பகுதிக்கு ஓய்மாநாடு என்று பெயர். இன்றைய திண்டிவனத்தை ஒட்டியுள்ள கிடங்கில் அதன் கோட்டை ஊர். ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் ஒரு பாணனை வழிகாட்டி அனுப்புவதாக நல்லூர் நத்தத்தனார் பாடியது 269 அடி கொண்ட சிறுபாணாற்றுப்படை. சற்று வடக்கே காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது 500 அடி கொண்ட பெரும்பாணாற்றுப்படை. சீறியாழ் வாசித்தவர்கள் சிறுபாணர். பேரியாழ் வாசித்தவர்கள் பெரும்பாணர். அருகருகே இருந்த இரண்டு நாடுகளின் பாட்டுகளில், கையிலிருந்த கருவியின் அளவே அதை வாசித்த மக்களுக்குப் பெயராகியிருக்கிறது. சிலப்பதிகார உரையாசிரியர்கள் செங்கோட்டியாழுக்கு 7 தந்தி என்றும் பேரியாழுக்கு 21 தந்தி என்றும் கணக்குச் சொல்கிறார்கள். 1947இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ இந்தக் கணக்குகளை ஒலியியல் கொண்டு விரிவாக ஆராய்ந்த பெருமுயற்சி.

யாழில் மெட்டு கிடையாது. வில்லில் கட்டிய ஒரு தந்தி ஒரு சுரத்தைத்தான் தரும். ஏழு சுரம் வேண்டுமானால் ஏழு தந்தி, மூன்று ஸ்தாயி வேண்டுமானால் 21 தந்தி என்று கணக்கு நேராகப் போகும். மெட்டு வைத்த வீணையில் கணக்கு மாறிவிடுகிறது. 24 மெட்டுகளின் மேல் ஒரே தந்தி இரண்டு ஸ்தாயியைத் தந்துவிடும். தஞ்சையில் ரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த 24 மெட்டு அமைப்பு நிலைபெற்றதாக இசை மரபு கூறுகிறது. அதன் பிறகும் வீணையின் தந்திகள் ஏழாகவே நின்றன. நான்கு தந்திகள் மெட்டுகளின் மேல் ஓடும். மூன்று பக்கவாட்டில் திறந்தபடி ஒலிக்கும் தாளத் தந்திகள். தந்தி கூடக் கூடச் சுரம் கூடும் என்பது யாழின் கணக்கு. தந்தி கூடக் கூடச் சுருதி உறுதிப்படும் என்பது வீணையின் கணக்கு.

கிட்டார் மூன்றாவது வழியில் போனது. அதன் ஆறு தந்திகள் கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று கட்டப்படுகின்றன. இந்த அமைப்பில் கை அதிகம் நகராமல் பல கார்டுகளைப் பிடிக்க முடியும். ஒவ்வொரு கார்டுக்கும் அடிச்சுரம் மாறுவதால் எந்த ஒரு தந்தியும் பாட்டு முழுவதற்கும் திறந்து ஒலிக்க முடியாது. ஏழாவது தந்தியைச் சேர்த்தவர்களும் பெரும்பாலும் இதே நோக்கில்தான் சேர்த்தார்கள். ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் வான் எப்ஸ் 1930களின் இறுதியில் ஏழு தந்திக் கிட்டார் செய்வித்துக்கொண்டபோது, கார்டுக்கு அடியில் பேஸ் ஒலி தானே வாசிக்க வேண்டும் என்பது அவர் தேவை. அந்தத் தந்தியை அவர் தாழ்ந்த ஏ சுரத்துக்குக் கட்டினார். 1990இல் ஸ்டீவ் வாய் வடிவமைப்பில் ஐபனெஸ் நிறுவனத்தின் யுனிவர்ஸ் கிட்டார் வந்த பிறகு ஏழாவது தந்தி பி சுரத்தில் நிலைத்தது. ஸ்வீடன் நாட்டு மெஷுகா குழு, 2002இல் வெளியிட்ட ‘நத்திங்’ இசைத்தொகுப்பின் கிட்டார்ப் பகுதிகளை எட்டுத் தந்திக் கிட்டார்களில் மீண்டும் பதிவுசெய்து 2006இல் வெளியிட்டது. கனமான, தாழ்ந்த ஒலிக்காகவே மெட்டல் இசைக்காரர்கள் இவற்றை நாடினார்கள்.

சுருதிக்காகக் கிட்டாரைத் திருத்தியவர்களும் உண்டு. சக்தி குழுவுக்காக ஜான் மெக்லாக்லின் வாசித்த கிப்ஸன் கிட்டாரில், ஆறு தந்திகளுக்கு அடியில் குறுக்காக ஏழு சிறு தந்திகள் ஓடின. கைவினைஞர் ஏப் வெக்டர் அதைச் செய்வதில் பங்குகொண்டார். மேலே வாசிக்கும் சுரத்துக்கு அந்த ஏழும் தாமாக அதிரும். மெட்டுகளுக்கு இடையிலிருந்த மரத்தைக் குழிவாகச் செதுக்கி, வீணையில் போலத் தந்தியை அழுத்தி இழுக்கவும் வழி செய்தார்கள். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்திக்கு வந்து, நான்கை ஐந்தாக்கிக் கீழ் ஸ்தாயியை நீட்டிக்கொண்டதும் இந்தத் திசையில் வைத்த அடிதான்.

ஷட்ஜத்தோடு பஞ்சமம் ஏன்? ஒரு தந்தி மீட்டப்படும்போது அது முழு நீளத்தில் மட்டும் அதிர்வதில்லை. பாதியாகவும் மூன்றில் ஒன்றாகவும் நான்கில் ஒன்றாகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் என்றால் 200, 300, 400 என்ற சீரிசைகளும் கூடவே எழும். பஞ்சமத்தின் அதிர்வெண் ஷட்ஜத்தைப்போல ஒன்றரை மடங்கு. எனவே ஷட்ஜத்தின் மூன்றாம் சீரிசையும் பஞ்சமத்தின் இரண்டாம் சீரிசையும் ஒரே இடத்தில் விழும். ஷட்ஜத்தின் ஆறாவது, பஞ்சமத்தின் நான்காவதோடு சேரும். பழந்தமிழ் இசையில் இளி எனப்பட்ட இந்தச் சுரத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நல்ல தம்புராவின் மந்தரத் தந்தியை மட்டும் மீட்டிக் கூர்ந்து கேட்டால் அதற்குள்ளேயே பஞ்சமம் கேட்கும்.

ஏழு தந்திக் கிட்டாருக்கு எந்தச் சுருதி பொருந்தும் என்பது அடுத்த கேள்வி. இசைக்காரர் பேச்சில் 1 கட்டை என்பது ஆர்மோனியத்தின் சி. 2 கட்டை டி. பாரி நாகஸ்வரம் பெரும்பாலும் ஒலிக்கும் 2, 2½ கட்டை எல்லையில் கிட்டாருக்கும் வசதி அதிகம். வழக்கமான ஏழு தந்தி அமைப்பு கீழிருந்து பி, ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஷட்ஜத்தை டி என்று கொண்டால் நடுவிலுள்ள ஏ, டி இரண்டும் ஏற்கெனவே பஞ்சமமும் ஷட்ஜமும் ஆகிவிடுகின்றன. அவற்றைத் தொட வேண்டாம். ஏழாவது தந்தியான பி இரண்டு அரைச்சுரம் இறங்கி 55 ஹெர்ட்ஸில் ஏ ஆகும். ஆறாவதான ஈ இரண்டு இறங்கி டி ஆகும். ஜி இரண்டு ஏறி ஏ ஆகும். மேலிருக்கும் பி இரண்டு இறங்கி அதே ஏ ஆகும். முதல் தந்தி ஈ இரண்டு இறங்கி டி ஆகும். முடிவில் கீழிருந்து மேலே பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம், பஞ்சமம், ஷட்ஜம் என்று நிற்கும். அதிர்வெண்கள் முறையே 55, 73.3, 110, 146.7, 220, 220, 293.3 ஹெர்ட்ஸ்.

வீணையோடு இதை ஒப்பிட்டால் ஒற்றுமை தெளிவாகத் தெரியும். வீணையின் சாரணி ஷட்ஜம், அடுத்தது பஞ்சமம், மூன்றாவது மந்தரம் என்னும் கீழ் ஷட்ஜம், நான்காவது அனுமந்தரம் என்னும் இன்னும் கீழான பஞ்சமம். கிட்டாரின் மேல் ஐந்து தந்திகளில் இரட்டைப் பஞ்சமத்தை ஒன்றாக எண்ணினால் அதே வரிசைதான். அதற்குக் கீழே இன்னொரு ஷட்ஜமும் இன்னொரு பஞ்சமமும் சேர்கின்றன. விழுப்புரத்துக்குத் தென்கிழக்கே உள்ள பண்ருட்டியின் பலாமரத்திலிருந்து தஞ்சையில் குடைந்தெடுக்கப்படும் வீணையும் தொழிற்சாலையில் வார்ப்படம் போல ஒரே அச்சில் வரும் மின்கிட்டாரும் தந்திக் கட்டில் ஒரே முடிவுக்கு வருவது தற்செயல் இல்லை. ஒரு தந்தியில் ராகத்தை வளர்க்க விரும்பும் எவரும், சாரணியில் விரல் எட்டாத கீழ்ச்சுரத்துக்குப் பக்கத்துத் தந்திக்கு மாறும்போது அந்தத் தந்தி சுருதியைக் கெடுக்காமல் இருக்க வேண்டும் என்றே நினைப்பார்கள். அந்தத் தேவைக்கு இந்த வரிசையைவிட எளிய விடை இல்லை.

தந்தியின் அதிர்வெண் மூன்றைச் சார்ந்தது: நீளம், இழுவிசை, ஒரு மீட்டர் தந்தியின் நிறை. நீளமும் தந்தியும் மாறாதபோது இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இரண்டு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 21 சதவீதம் குறையும். இரண்டு ஏற்றினால் சுமார் 26 சதவீதம் கூடும். மூன்றாவது தந்தியை ஜியிலிருந்து ஏவுக்கு ஏற்றும்போது அறுந்துவிடுமோ என்ற அச்சம் இயல்பு. உண்மையில் ஒரு வெற்று எஃகுத் தந்தி எந்தச் சுரத்தில் அறும் என்பது அதன் பருமனைச் சார்ந்ததே இல்லை. பருமன் கூடினால் தாங்கும் வலு எவ்வளவு கூடுகிறதோ, அதே அளவுக்கு நிறையும் கூடிவிடுகிறது. 648 மில்லிமீட்டர் நீளத்தில் இசைத் தந்திக்கான எஃகு ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகே அறும் நிலைக்கு வரும். 220 ஹெர்ட்ஸ் அதற்கு வெகு கீழே. ஆனால் விரலுக்கு அது விறைப்பாக இருக்கும் என்பதால் அந்த இடத்தில் ஓரளவு மெல்லிய தந்தி போடுவது நல்லது.

கீழ்த் தந்திகளின் சிக்கல் இதற்கு எதிர்த் திசையில் வருகிறது. 55 ஹெர்ட்ஸுக்கு இறக்கிய ஏழாவது தந்தி தொளதொளவென்று ஆகி, பலமாக மீட்டியதும் சுரம் சற்று மேலே ஏறிப் பிறகு இறங்கும். சுருதித் தந்தி அப்படி ஆடினால் அதன் மேல் எதையும் நிறுத்த முடியாது. இதற்குத் தடித்த தந்தி ஒரு மருந்து. நீண்ட கழுத்து இன்னொரு மருந்து. தந்தியின் நீளத்தை 648 மில்லிமீட்டரிலிருந்து 686க்கு மாற்றினால் அதே தந்தி அதே சுரத்தில் சுமார் 12 சதவீதம் கூடுதல் இழுவிசையோடு நிற்கும். அந்த நீளத்தில் இந்தப் பஞ்சமத்துக்கு ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுற்றுத் தந்தி பொருத்தமாக இருக்கும். தடிப்பை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் ஒரு தீங்கு உண்டு. தந்தி ஒரு கம்பியைப்போல விறைத்துக்கொள்ளும்போது அதன் சீரிசைகள் 2, 3, 4 மடங்கு என்ற ஒழுங்கிலிருந்து சற்றே மேல்நோக்கி விலகும். ஷட்ஜத்தின் மூன்றாம் சீரிசை பஞ்சமத்தோடு சேர்வதுதான் சுருதியின் உயிர். அது விலகினால் தந்திகள் தனித்தனியே சரியாக இருந்தும் சேரும்போது கலங்கலாக ஒலிக்கும். கீழ்த் தந்திகளுக்கு நீண்ட அளவும் மேல் தந்திகளுக்குக் குறுகிய அளவும் கிடைக்க, மெட்டுகளை விசிறிபோல் சாய்த்து வைக்கும் முறைக்கு அமெரிக்கக் கைவினைஞர் ரால்ஃப் நோவாக் 1989இல் காப்புரிமை பெற்றார். சுருதித் தந்திகளோடு வாசிக்க விரும்புகிறவருக்கு அது வீண் அலங்காரம் இல்லை.

தந்திகளைச் சுருதி சேர்க்க ட்யூனர் தொடங்கி வைக்கலாம், முடித்து வைக்கக் கூடாது. ட்யூனர் காட்டும் பஞ்சமம் சம இடைவெளிப் பஞ்சமம். அது இயற்கைப் பஞ்சமத்தைவிட 2 சென்ட் தாழ்ந்தது. ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். காதால் சேர்க்க எளிய வழி உண்டு. 220 ஹெர்ட்ஸ் பஞ்சமத்தை மட்டும் ட்யூனரில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்காவது தந்தியை ஏழாவது மெட்டுக்கு நேர்மேலே அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டினால் அதன் மூன்றாம் சீரிசை எழும். பஞ்சமத் தந்தியைப் பன்னிரண்டாவது மெட்டுக்கு மேலே அதேபோல் தொட்டால் இரண்டாம் சீரிசை எழும். இரண்டும் 440 ஹெர்ட்ஸில் சேர வேண்டும். சேராதபோது ஒலி ஏறி இறங்கி விம்மும். விம்மல் மெதுவாகி நின்றுபோகும் இடம் சரியான இடம். ஆறாவது தந்தியின் ஏழாவது மெட்டுச் சீரிசையும் ஏழாவது தந்தியின் ஐந்தாவது மெட்டுச் சீரிசையும் திறந்த 220 ஹெர்ட்ஸ் தந்தியோடு நேரடியாகச் சேரும். இப்படிக் கட்டிய பிறகு ஒரு தந்தியை மீட்டினால் தொடாத தந்திகளும் ஒத்ததிர்வால் மெல்ல ஒலிக்கத் தொடங்கும். சுருதி சேர்ந்துவிட்டதற்கு அதைவிட நம்பகமான சான்று இல்லை. விழுப்புரம் மாவட்டத்திலேயே வானூர் வட்டத்து ஆரோவில்லில் 2003 முதல் இயங்கும் ஸ்வரம் பணிமனை, இந்த ஒத்ததிர்வை உடலால் உணரும்படி ஒரு கட்டிலைச் செய்கிறது. கேட்பவர் மேலே படுத்திருக்க, அடியில் ஒரே சுரத்துக்குக் கட்டிய தந்திகள் மீட்டப்படும்.

இப்போது இந்தத் தந்திக்கட்டின் மிகப் பெரிய சோதனை வருகிறது. கிட்டாரின் மெட்டுகள் கம்பியாக மரத்தில் அறையப்பட்டவை. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்த இடங்களில் அவை நிற்கின்றன. கார்டு வாசிக்கும்போது ஒவ்வொன்றும் சிறிது நேரமே ஒலித்து மறைவதால் இந்தச் சமப் பங்கீட்டின் பிழையைக் காது பொறுத்துக்கொள்ளும். ஆதார சுருதி விடாமல் ஒலிக்கும்போது பொறுக்காது. இயற்கையான அந்தர காந்தாரம் ஷட்ஜத்தைப்போல ஒன்றேகால் மடங்கு, அதாவது 386 சென்ட். நான்காவது மெட்டு தருவது 400 சென்ட். 146.7 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தின் மேல் கணக்கிட்டால், ஷட்ஜத்தின் ஐந்தாம் சீரிசை 733.3 ஹெர்ட்ஸ், மெட்டுக் காந்தாரத்தின் நான்காம் சீரிசை 739.2 ஹெர்ட்ஸ். நொடிக்கு ஏறக்குறைய ஆறு விம்மல். மெட்டுப் பஞ்சமத்தில் இரண்டு நொடிக்கு ஒரு விம்மல்தான் என்பதால் அது இனிமையாகவே கேட்கும். காந்தாரத்தில் அது நடுக்கமாகிவிடும். மோகனத்தை எடுத்துக்கொண்டால் ரிஷபம் 4 சென்ட்தான் தவறும். காந்தாரம் 14 சென்ட், தைவதம் 16 சென்ட் கூடுதலாக நிற்கும்.

தந்தியை இழுத்தால் சுரம் ஏறும், இறங்காது. கூடுதலாக நிற்கும் காந்தாரத்தை அதே மெட்டில் சரிசெய்ய முடியாது என்பது இதன் பொருள். ஒரு மெட்டு கீழே வந்து, மூன்றாவது மெட்டில் அழுத்தி 86 சென்ட் இழுத்துக் காந்தாரத்தைத் தொட வேண்டும். வீணைக் கலைஞர்கள் கமகத்துக்காக எப்போதும் செய்வது இதுதான். சாதாரண காந்தாரத்தைக் கமகமில்லாமல் நிறுத்த நேர்ந்தால் வேலை சுலபம். அங்கே மெட்டு 16 சென்ட் குறைவாக நிற்பதால் சிறு இழுப்பு போதும். முதல் தந்தியின் இழுவிசையை 21 சதவீதம் குறைத்ததன் நன்மை இங்கே கிடைக்கிறது. இழுவிசை குறைந்த தந்தியை அதே தூரம் இழுத்தால் சுரம் அதிகமாக ஏறும். ஆகவே இந்தத் தந்திக்கட்டு சுருதிக்கு மட்டும் உதவுவதில்லை, கமகத்துக்கும் விரலை இளக்கிக் கொடுக்கிறது. வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை. மேளம் கட்டும் கைவினைஞர் ஒவ்வொரு மெட்டையும் சுருதியோடு ஒலிக்கவிட்டுக் காதால் நகர்த்தி இடம் வைப்பார். கிட்டாருக்கு அந்த வசதி இல்லாததால் பாரம் முழுவதும் இடது கை விரல்களின் மேல் விழுகிறது. கர்நாடக இசையைக் கிட்டாருக்குக் கொண்டுவந்த சுகுமார் பிரசாத், ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா போன்றவர்களின் இழுப்பு நுட்பத்தை இந்த வெளிச்சத்தில் கேட்டால் அதன் அருமை விளங்கும்.

ஒலியின் தன்மையில் கிட்டார் தம்புராவுக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தம்புராவின் குதிரை தட்டையாகச் சற்றே வளைந்தது. அதன் மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலை நகர்த்தி ஜீவா பிடிப்பார்கள். தந்தி அதிரும்போது குதிரையின் பரப்பை உரசி உரசி விலகுவதால் சக்தி இடைவிடாமல் மேல் சீரிசைகளுக்குப் போகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1921இல் வீணையையும் தம்புராவையும் பற்றி எழுதிய கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார். ஒரு சீரிசையின் கணுவில் மீட்டினால் அந்தச் சீரிசை எழாது என்பது தந்திகளுக்கான பழைய விதி. இந்தக் குதிரைகளில் அந்த விதி தோற்கிறது. கணுவில் மீட்டினாலும் அந்தச் சீரிசை கணீரென்று எழுகிறது. கிட்டாரின் குதிரை கூர்மையானது. தந்தி ஓரிடத்தில் முடிந்துவிடும். ஒலி தெளிவாகத் தொடங்கி, மேல் சீரிசைகள் முதலில் மறைந்து, அடிச்சுரம் மட்டும் எஞ்சும். எனவே கிட்டாரில் சுருதித் தந்திகளைக் குதிரைக்கு அருகில், நகத்தால் மீட்டுவது நல்லது. மேல் சீரிசைகள் அங்கே அதிகம் எழும்.

மின்கிட்டாருக்கு மட்டும் உரிய ஒரு வரம் உண்டு. ஒலிபெருக்கியில் ஓவர்டிரைவ் என்னும் உருக்குலைவு சேரும்போது, இரண்டு சுரங்களின் அதிர்வெண் வித்தியாசமும் ஒரு புதிய ஒலியாகப் பிறக்கிறது. 146.7 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தையும் 220 ஹெர்ட்ஸ் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டினால் வித்தியாசம் 73.3 ஹெர்ட்ஸ். அது அப்படியே கீழ் ஸ்தாயி ஷட்ஜம். யாரும் மீட்டாத ஆதாரம் கருவிக்குள்ளிருந்து எழுகிறது. ராக் இசைக்காரர்கள் பவர் கார்டு என்று சொல்லி ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும் அடிப்பதன் அறிவியல் இதுதான். நடுவில் மெட்டுக் காந்தாரத்தைச் சேர்த்தால் ஒரு பக்கம் 38.1, மறுபக்கம் 35.2 ஹெர்ட்ஸ் என இரண்டு வித்தியாச ஒலிகள் பிறந்து ஒன்றோடொன்று மோதும். இழுத்துச் சேர்த்த இயற்கைக் காந்தாரம் என்றால் இரண்டுமே 36.7 ஹெர்ட்ஸில் விழுந்து, இன்னும் ஒரு ஸ்தாயி கீழே ஷட்ஜமாக அமையும். உருக்குலைந்த ஒலியில் சுருதி சுத்தத்துக்கு இவ்வளவு பரிசு கிடைக்கிறது என்பது பலர் எதிர்பாராத உண்மை.

வாசிக்கும் முறையில் ஒரு கட்டுப்பாடு அவசியம். 55 ஹெர்ட்ஸ் பஞ்சமத்தையும் 73.3 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தையும் ஒரே அடியில் அடித்தால் கரகரப்பாகக் கேட்கும். இரண்டுக்கும் இடையே 18 ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். இவ்வளவு நெருங்கிய தாழ்ந்த ஒலிகளை உட்செவியின் ஒரே பகுதி ஏற்பதால் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடிவதில்லை. மேல் ஸ்தாயியில் இனிக்கும் அதே இடைவெளி இங்கே உறுமலாகிவிடும். தம்புராவை எவரும் நான்கு தந்தியையும் சேர்த்து அடிப்பதில்லை. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் மீட்டுகிறார்கள். கிட்டாரிலும் கட்டை விரல் ஏழாவது, ஐந்தாவது, நான்காவது, ஆறாவது தந்தி என்று வரிசையாக நடக்கலாம். மற்ற விரல்கள் முதல் தந்தியில் ராகத்தைப் பார்த்துக்கொள்ளும். இரட்டைப் பஞ்சமத் தந்திகள் தம்புராவின் இரட்டைச் சாரணிகளைப்போல. இரண்டும் அணுவளவு விலகியிருந்தால் அவற்றின் சீரிசைகள் மிக மெதுவாக விம்மி, ஒலிக்கு ஓர் அசைவு கொடுக்கும்.

மத்தியம சுருதிக்கும் இதே கருவி போதும். புன்னாகவராளி, குறிஞ்சி போன்ற ராகங்களில் மத்தியமத்தையே ஷட்ஜமாகக் கொண்டு பாடுவது வழக்கம். நான்கு ஏ தந்திகளையும் இரண்டு அரைச்சுரம் இறக்கி ஜி ஆக்கினால், முன்பு ஷட்ஜமாக நின்ற டி தந்திகள் புதிய ஷட்ஜமான ஜிக்குப் பஞ்சமமாகிவிடும். டி தந்திகள் எதையும் தொட வேண்டியதில்லை. ஏழாவது தந்தி மட்டும் 49 ஹெர்ட்ஸுக்கு இறங்கித் தளர்வதால், அடிக்கடி மத்தியம சுருதிக்கு மாறுகிறவர்கள் முதலிலேயே இன்னும் சற்றுத் தடித்த தந்தியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் வெயிலில் கட்டிய சுருதி குளிரூட்டிய அரங்கில் அப்படியே நிற்காது. வெப்பத்தில் எஃகு, மரத்தைவிட அதிகம் நீள்கிறது. பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் மெல்லிய வெற்றுத் தந்தி ஏறத்தாழ 10 சென்ட் இறங்கும். இழுவிசை குறைவான தந்தி இன்னும் கொஞ்சம் அதிகம் இறங்கும். எல்லாத் தந்தியும் ஒரே அளவில் இறங்கினால் கவலையில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் இறங்குவதால் ஷட்ஜ பஞ்சம உறவே சிதறுகிறது. கோயில் திருவிழாவில் திறந்த மேடையில் வாசிப்பவர், உறையிலிருந்து கிட்டாரை எடுத்த உடனே சுருதி சேர்க்காமல், தந்தியும் மரமும் மேடையின் வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்துச் சேர்க்க வேண்டும்.

எட்டாவது தந்தி இருப்பவருக்கு மிச்சமிருப்பது ஒரே முடிவு. வழக்கமான எஃப் ஷார்ப்பிலிருந்து நான்கு அரைச்சுரம் இறக்கி அதை 36.7 ஹெர்ட்ஸ் ஷட்ஜமாக்கலாம். ஏழு தந்திக் கட்டில் எல்லாவற்றுக்கும் கீழே பஞ்சமம் இருந்தது. எட்டில் ஷட்ஜமே அடித்தளமாகிவிடும். கிட்டார் ஒலிபெருக்கிகள் இவ்வளவு தாழ்ந்த அடிச்சுரத்தைச் சரியாக வெளியிடுவதில்லை. ஆனாலும் 73, 110, 147 ஹெர்ட்ஸ் சீரிசைகள் சேர்ந்து ஒலிப்பதால், அவற்றின் பொது அடியான 36.7 ஹெர்ட்ஸைக் காது தானே ஊகித்துக் கேட்கும். இந்தத் தந்தி ராகத்துக்குப் பயன்படாது. தாள ஆவர்த்தனத்தின் சமத்தில் ஒரு முறை மட்டும் மீட்டி, அடுத்த சமம் வரை ஒலிக்கவிடுவதே அதற்கு ஏற்ற வேலை. பக்கத்து 55 ஹெர்ட்ஸ் பஞ்சமத்தோடும் அது 18 ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் நிற்கிறது. எனவே எட்டாவது தந்தி ஒலிக்கும்போது ஏழாவதைக் கட்டை விரலின் ஓரத்தால் அடக்கி வைக்க வேண்டியிருக்கும்.